மதுரைக்குக் குடிவந்தவர்களுக்கு: பூங்கா, கண்மாய், மரம், பறவை என்றால் யாரிடம் போவது?

வேலைக்காகவோ பிள்ளைகள் படிப்புக்காகவோ மதுரைக்கு வந்து சில மாதங்கள் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “எங்க தெருவுக்குப் பின்னால ஒரு கண்மாய் இருக்கு, குப்பையாக் கிடக்கு. யார்கிட்ட சொல்றது?” இதே கேள்வியில் கண்மாய்க்குப் பதிலாகச் சில நேரம் பூங்கா வரும், சில நேரம் வேப்பமரம் வரும். ஒருமுறை கிணற்றில் விழுந்த மயிலைப் பற்றிக் கேட்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் பத்துப் பேர் சேர்ந்து, ஆவணி மாதம், காய்ந்து கிடந்த ஒரு கண்மாய்க்குள் அறுபது கன்று நட்டோம். வேம்பு, புங்கன், நாவல். கன்றுக்கு ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, சணல் கயிற்றால் கட்டி, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். கரைமேல் மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, இது தண்ணி நிக்கிற இடம்ப்பா. கரைக்கு வெளிப்பக்கமா வைங்க” என்றார். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அங்கே தண்ணீர் நிற்கும் என்று எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் போய்ப் பார்த்தபோது ஒரு கன்றும் இல்லை. மூங்கில் குச்சிகளின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு குச்சியில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து எந்த வேலையில் கை வைப்பதற்கு முன்பும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இது யாருடைய இடம்? இது எதற்கான இடம்? நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதல் படி: இடம் யாருடையது?

மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டுகள். அதன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்கள், தெருவோர மரங்கள், மழைநீர் வடிகால், குப்பை எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பு. தல்லாகுளத்தில் மாநகராட்சி அலுவலகமான அண்ணா மாளிகையை ஒட்டியிருக்கும் சுற்றுச்சூழல் பூங்கா, காந்தி மியூசியம் பக்கத்து ராஜாஜி சிறுவர் பூங்கா முதல் உங்கள் தெருமுனையில் நாலு ஊஞ்சலோடு இருக்கிற சின்னப் பூங்கா வரை. ஆனால் அதே தெருவின் முடிவில் கண்மாய்க் கரை தொடங்கினால் கதை மாறிவிடும். பெரிய கண்மாய்கள் நீர்வளத்துறையுடையவை. வைகை ஆறும் அப்படியே. ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 100 ஏக்கருக்குக் குறைவாக உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். ஊருணிகளை ஊராட்சி பார்க்கும். கோயில் தெப்பக்குளம், நந்தவனம் என்றால் கோயில் நிர்வாகமும் அறநிலையத்துறையும். நெடுஞ்சாலையோரப் புளியமரம் நெடுஞ்சாலைத்துறையுடையது. அழகர்மலை போன்ற காப்புக்காடு வனத்துறையின் கையில். சமணர் மலை மாதிரி இடம் என்றால் தொல்லியல் துறையும் சேர்ந்துகொள்ளும்.

ஒரே இடத்துக்கு இரண்டு பேர் பொறுப்பாக இருப்பதும் உண்டு. வண்டியூர் கண்மாய் நீர்வளத்துறையின் நீர்நிலை. கரையில் நடைபாதை, பூங்கா மாதிரியான வேலைகளைச் செய்வது மாநகராட்சி. நடைபாதையில் விளக்கு எரியவில்லை என்றால் ஒரு அலுவலகம், தண்ணீர் திறக்கும் மடை உடைந்தால் வேறு அலுவலகம். இது தெரியாமல் மனு எழுதினால் அது “எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்ற குறிப்போடு சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் மனு ஒன்று ஏழு மாதம் மூன்று அலுவலகங்களுக்கிடையே நடந்திருக்கிறது. அந்த ஏழு மாதத்தில், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் ஓரம் இரண்டு லாரி இடிபாடு இருபது லாரி ஆகிவிட்டது.

விலங்கும் பறவையும் மட்டும் இதற்கு விதிவிலக்கு. காட்டுயிர் எங்கே இருந்தாலும், உங்கள் மொட்டைமாடியில் இருந்தாலும், வனத்துறைதான்.

இரண்டாம் படி: புல எண்

மனுவுக்கு உயிர் கொடுப்பது புல எண்தான், அதாவது சர்வே எண். “எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி இடம்” என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. “இன்ன வட்டம், இன்ன கிராமம், புல எண் இத்தனை” என்று எழுதிவிட்டால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் அ-பதிவேடு (எந்த நிலம் என்ன வகை என்று எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு), புல வரைபடம் இரண்டையும் பார்க்கலாம். ஒரு புல எண் புறம்போக்கா இல்லையா என்று சரிபார்க்கவும் அதில் வழி இருக்கிறது. நகருக்குள் என்றால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று கேட்கும். எண் தெரியவில்லையா? கிராம நிர்வாக அலுவலரிடம் போய், இடத்தின் அடையாளத்தைச் சொல்லிக் கேளுங்கள். காலையில் போனால் பார்க்கலாம். மத்தியானத்துக்கு மேல் அவர் களத்தில் இருப்பார்.

அ-பதிவேட்டில் இருக்கும் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். கண்மாய், ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்ச்சல், மந்தை, தரிசு, நத்தம். கண்ணுக்கு வெறும் பொட்டலாகத் தெரிகிற இடத்துக்குப் பதிவேட்டில் ‘ஓடை’ என்று போட்டிருந்தால், மழை நாளில் அங்கே தண்ணீர் ஓட வேண்டும் என்று அர்த்தம். அதை மறித்து யாராவது வேலி போட்டால், ‘கண்மாய்’ என்று இருக்கும் இடத்தில் கொட்டகை எழுந்தால், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீர்வளத்துறைக் கண்மாய்களின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

மதுரையில் ஊர்ப் பெயரே பாதி விவரம் சொல்லிவிடும். மாடக்குளம், தல்லாகுளம், பீபீகுளம், உலகனேரி. பெயரில் குளமோ ஏரியோ ஏந்தலோ இருந்தால் அந்த இடத்துத் தண்ணீரின் கதையை விசாரியுங்கள். வீடு வாங்குவதற்கு முன்பே விசாரித்தால் இன்னும் நல்லது.

மனை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பெரிய மனைப்பிரிவு போடும்போது 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. உங்கள் குடியிருப்பின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை வாங்கி, ‘பூங்கா’ என்று எழுதியிருக்கும் கட்டத்தைத் தேடுங்கள். பிறகு நேரில் போய் அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செடி கொடி மண்டிக் கிடக்கலாம், கார் நிற்கலாம், செங்கல் அடுக்கியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது உங்கள் தெருப் பிள்ளைகள் விளையாட வேண்டிய இடம். புதிதாக ஒரு பூங்கா கேட்டு அலைவதைவிட, ஏற்கெனவே ஒதுக்கிய பூங்காவை மீட்பது எளிது. குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து கேட்டால், வேலி, தண்ணீர்க் குழாய், கன்று என்று ஒவ்வொன்றாக நடக்கும்.

மூன்றாம் படி: மனு

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

“ஐயா, வணக்கம். … வட்டம், … கிராமம், புல எண் … ‘ஓடை’ என அ-பதிவேட்டில் உள்ளது. இதில் கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டுள்ளன. கடந்த … தேதி மழையில் ஓடையில் வந்த தண்ணீர் கண்மாய்க்குப் போகாமல் தெருவில் தேங்கியது. அன்று எடுத்த படங்கள் மூன்றை இணைத்துள்ளேன். இடிபாடுகளை அகற்றி, ஓடையை அளந்து எல்லைக்கல் ஊன்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. குப்பை, நாய், தெருவிளக்கு எல்லாவற்றையும் ஒன்றாக எழுதினால் அதில் எளிதான ஒன்றைச் செய்துவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். பல துறை அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்பதால், யாருடைய இடம் என்று இழுபறியாக இருக்கும் விஷயங்களை அங்கே கொண்டுபோவது நல்லது. மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். மாநகராட்சி விஷயம் என்றால் உங்கள் மண்டல அலுவலகம், வார்டு கவுன்சிலர். போகவே முடியாதவர்கள் முதல்வர் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்து பதிவு செய்யலாம்.

பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் செய்யவில்லை?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. “இன்ன எண் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்பு நகல் தருக” என்று கேளுங்கள்.

இதையெல்லாம் சண்டைக்காரர் மாதிரி செய்யத் தேவையில்லை. நான் பார்த்தவரை, கீழ்நிலை அலுவலர்களில் பலருக்குத் தங்கள் கண்மாயைப் பற்றி அக்கறை இருக்கிறது. எல்லைக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்பதைச் நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்கிற உதவியாளர்தான் காட்டிக் கொடுத்தார். வெயிலில் நிற்கிறவருக்கு ஒரு மோர் வாங்கிக் கொடுங்கள், பெயர் கேளுங்கள், அளந்து முடிக்கும்வரை கூடவே நில்லுங்கள்.

நான்காம் படி: கண்மாயைப் படிப்பது

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். வேறு ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கண்மாய் ஒரு பெரிய குளம் மாதிரித் தெரியும். இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றோடொன்று கோர்த்த சங்கிலி. மேலே இருப்பது நிறைந்தால் கீழே இருப்பதற்குத் தண்ணீர். ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் காயும், மேலே இருக்கிற தெரு மூழ்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கரையில் ஏறுங்கள். தண்ணீரைப் பார்ப்பதற்கு முன், தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தேடுங்கள். அது வரத்துக்கால். கண்மாய் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான். தண்ணீர் நிற்கிற பரப்பு உள்வாய். கரையை ஒட்டி உள்ளே கல்தூண் இரண்டு நின்றால் அது மடை. அதைத் திறந்துதான் வயலுக்குப் பாய்ச்சுவார்கள். கரையின் ஒரு கோடியில் கல்லோ சிமென்டோ வைத்துக் கட்டிய தாழ்வான சுவர் கலுங்கு. நிறைந்த தண்ணீர் அதன்மேல் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மறுகால் பாய்கிறது என்று சொல்வது இதைத்தான். கலுங்குச் சுவரில் இரண்டு அடிக்கு மண்மூட்டை அடுக்கியிருந்தால் யாரோ கூடுதலாகத் தேக்குகிறார்கள். சுவரை உடைத்திருந்தால் யாரோ உள்வாயில் விவசாயமோ வீடோ செய்கிறார்கள். பார்த்ததும் புரியும்.

கிராமத்துக் கண்மாய் என்றால் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார், அல்லது முன்பு இருந்தவரின் மகன் இருப்பார். மடை திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. “அய்யா, இந்தக் கண்மாய்க்குத் தண்ணி எங்கிருந்து வருது?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். பெரியாறு பாசனக் கால்வாயில் வருகிறதா, மானாவாரியா, எந்த வருடம் கடைசியாக மறுகால் போனது, எந்த மடை சிக்குகிறது எல்லாம் வரும். எந்த வரைபடத்திலும் அது கிடைக்காது.

புகாரை எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். தூர்வாருவது, மடை பழுது பார்ப்பது எல்லாம் தண்ணீர் வற்றிய சித்திரையிலிருந்து ஆடிக்குள் நடந்தாக வேண்டும். அதனால் மாசியிலேயே மனு போக வேண்டும். ஆனால் ஆதாரம் கிடைப்பது மழையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை குடையோடு போய், தண்ணீர் எங்கே முட்டி நிற்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு படம் கோடையில் கொடுக்கிற பத்து மனுவுக்குச் சமம்.

இப்போது பறவைகள். வண்டியூர், சாமநத்தம் கண்மாய்களில் நடந்தாலே நிறையப் பார்க்கலாம். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியிருந்தாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடிக்க அப்படி. கூழைக்கடா கூட்டமாக மீன் பிடிக்கும். வெள்ளை அரிவாள்மூக்கன் சேற்றைக் குத்திக்கொண்டே நடக்கும். நீலத் தாழைக்கோழி கோரைக்குள் மறைந்து நிற்கும், வாலைத் தூக்கும்போது வெள்ளை பளிச்சிடும். முக்குளிப்பான் ஒரு இடத்தில் மூழ்கி நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் எழும். மடையான் அசையாமல் நிற்கும்போது மண் கட்டி மாதிரி, பறந்தால் முழுக்க வெள்ளை. தை, மாசியில் தண்ணீர் பின்வாங்கி, ஓரத்தில் சேறு தெரியத் தொடங்கும்போது கூட்டம் அதிகம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூர்வாரும்போது கண்மாயைக் கிண்ணம் மாதிரி ஒரே ஆழத்துக்கு வெட்டி, ஓரத்தைச் செங்குத்தாக்கி, கல் பதித்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், நடந்து மேய்கிற பறவைக்கு ஒரு அடி இடம் இருக்காது. உங்கள் பகுதியில் அழகுபடுத்தும் திட்டம் வருகிறது என்றால், கரை ஒரு பக்கமாவது சரிவாக இருக்கட்டும், கோரைப்புல் ஒரு மூலையில் இருக்கட்டும், இரவு முழுவதும் எரிகிற விளக்கு தண்ணீர்ப் பக்கம் திரும்ப வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள். திட்டம் போடும்போது கேட்டால் செய்ய முடியும். சிமென்ட் கொட்டிய பிறகு முடியாது.

மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் சில இடங்களில் பறவையை விரட்ட வெடி போடுவார்கள். அவர்கள் காசு போட்டு மீன் குஞ்சு விட்டிருக்கிறார்கள், அவர்கள் பக்கத்து நஷ்டமும் உண்மைதான். முதலில் பேசிப் பாருங்கள். கூடு கட்டியிருக்கும் மரத்துக்குக் கீழே வெடி வைத்தால் தயங்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆகாயத்தாமரை மண்டியிருந்தால் சாக்கடை கலக்கிறது என்று அர்த்தம். ஆள் திரட்டி அள்ளுவதைவிட, குழாய் எங்கே வந்து விழுகிறது என்று கண்டுபிடியுங்கள். குழாய் இருக்கும்வரை நாலு மாதத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

கருவேலம் வெட்டுவதற்கு முன்

கண்மாய் என்றதும் எல்லோருக்கும் கை துறுதுறுப்பது சீமைக்கருவேலத்தை வெட்டத்தான். வெட்ட வேண்டியதுதான். ஆனால் நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள், அது வலிக்கிறது. வித்தியாசம் எளிது. நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக, சின்னப் பந்து மாதிரி இருக்கும். காய் மணி கோத்த மாலை மாதிரி இடுப்பு இடுப்பாகச் சுருங்கியிருக்கும். பட்டை கறுத்து, வெடித்திருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சளாக நீளமாகத் தொங்கும், காய் வைக்கோல் நிறம். இனிப்பாக இருப்பதால் ஆடு தின்று, புழுக்கையோடு விதையை ஊரெல்லாம் பரப்பும். நாட்டுக்கருவேலம் தண்ணீர் நிற்கிற கண்மாய்க்குள்ளும் தாங்கும். கொக்கும் நாரையும் கூடு கட்டும்.

வெட்ட அனுமதி வாங்குங்கள், அது பொது நிலம். வேரோடு எடுங்கள், மேலே வெட்டினால் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மரத்தில் கூடு இருந்தால், எந்த மரமாக இருந்தாலும், குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள்.

தெருமரம்

பொது இடத்து மரத்தை யாரும் நினைத்தவுடன் வெட்ட முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது, அதன் அனுமதி வேண்டும். ரம்பத்தோடு ஆள் வந்தால் “அனுமதிக் கடிதம் காட்டுங்க அண்ணே” என்று கேளுங்கள். இருந்தால் காட்டுவார்கள். மின்கம்பியில் உரசும் கிளையைக் கழிப்பது வேறு, அது அவசியம். கிளை கழிக்க வந்தவர்கள் அடிமரத்தில் கை வைத்தால் அது வேறு கதை.

நீங்களே செய்யக்கூடிய வேலை ஒன்று. உங்கள் தெரு மரத்தின் அடியைப் பாருங்கள். பேவர் கல் தண்டு வரைக்கும் இறுக்கிப் பதித்திருக்கும். மாநகராட்சியிடம் சொல்லி, சுற்றிலும் இரண்டடியாவது கல்லை எடுக்கச் சொல்லுங்கள். விளம்பரத் தகடு அடித்த ஆணிகளைப் பிடுங்குங்கள். ஒரே வேப்பமரத்தில் முப்பத்தியோரு ஆணி எடுத்திருக்கிறோம். சில ஆணிகளின் தலையைப் பட்டை விழுங்கியிருந்தது, அவற்றை விட்டுவிட்டோம். தோண்டினால் காயம் இன்னும் பெரிதாகும்.

கன்று நட மதுரையில் நல்ல காலம் புரட்டாசி, ஐப்பசி. ஆறடி உயரக் கன்றாக வாங்குங்கள். சின்னக் கன்று ஆட்டுக்குத்தான் போகும். தெருவோரத்துக்கு வேம்பு, புங்கன், பூவரசு. இடம் விரிந்து கிடக்கும் பூங்காவுக்கு நாவல், இலுப்பை, மருதம். கடம்பு மீனாட்சியம்மன் கோயிலின் தல மரம், இந்த ஊரையே கடம்பவனம் என்பார்கள். ஈரம் நிற்கிற மண்ணும் பரந்த இடமும் இருந்தால் கண்டிப்பாக ஒரு கடம்பு வையுங்கள். கண்மாய்க் கரையின் வெளிப்பக்கம் பனை. விதை போட்டுவிட்டு வந்துவிடலாம், யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அறுபது கன்று நட்டுப் படம் எடுப்பதைவிட ஆறு நட்டு, பங்குனி முதல் வைகாசி வரை வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுகிறவர் யார் என்று முதலிலேயே பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வருகிற உயிர்கள்

பாம்பு வந்தால் அடிக்காதீர்கள். கதவைச் சாத்தி, அது எங்கே போகிறது என்று தூரத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வனத்துறைக்கோ, தீயணைப்புத்துறைக்கு 101-இலோ சொல்லுங்கள். பல நேரம் சாரையாக இருக்கும். கடித்துவிட்டால் 108, நேராக அரசு ராஜாஜி மருத்துவமனை. கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம்.

புதுமண்டபம் பக்கமோ சந்தையிலோ யாராவது பச்சைக்கிளி விற்றால் வாங்காதீர்கள். இரக்கப்பட்டு வாங்கி விடுவிப்பதும் வேண்டாம், விற்றவர் அடுத்ததைப் பிடிக்கப் போவார். நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மயிலைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. அதே நேரம், மயில் நெல்லை மேய்கிறது என்று கஷ்டப்படுகிற விவசாயியிடம் போய்ச் சட்டம் மட்டும் பேசாதீர்கள். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையிடம் மனு கொடுக்க உதவுங்கள்.

அழகர்கோவில் போனால் குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். பிஸ்கட் பழகிய குரங்கு பையைப் பிடுங்கும், பிறகு கடிக்கும், பிறகு கூண்டு வைத்துப் பிடித்துப் போவார்கள்.

அரிட்டாபட்டிக்கு ஒருமுறை போய்வாருங்கள்

மேலூர் பக்கம் இருக்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், குன்றிலிருந்து வடிகிற சுனைகள், அந்தத் தண்ணீரைப் பிடிக்கிற ஆனைகொண்டான் கண்மாய். லகுடு வல்லூறு, ராசாளிப் பருந்து மாதிரி அரிய வேட்டைப் பறவைகள் இந்தப் பாறைகளில் வாழ்கின்றன. தேவாங்கு, எறும்புதின்னி, மலைப்பாம்பும் உண்டு. சமணர் படுக்கை, தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு, பாறையில் குடைந்த சிவன் கோயில் எல்லாம் அதே குன்றுகளில்.

2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது தெரிந்ததும், சுற்றியுள்ள ஊர்கள் கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஊர் ஊராக மக்கள் திரண்டு நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த ஊர்களுக்குக் கையில் முதலில் இருந்தது கிராம சபைத் தீர்மானம் என்ற ஒரு தாள்தான்.

அதனால் நீங்கள் மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஊராட்சியில் குடியிருந்தால், கிராம சபைக்குப் போங்கள். வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், கண்மாய் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், குடிவந்ததும் முகவரியை மாற்றிவிடுங்கள். மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு வார்டு அளவில் பகுதி சபை உண்டு. எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். “அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். உங்கள் ஊர் மரமும் மீனும் பறவையும் அதில் இல்லையென்றால், நீங்கள் குறித்து வைத்ததைக் கொடுங்கள்.

அரிட்டாபட்டிக்குப் போகும்போது ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். சுனையில் இறங்காதீர்கள், அது குடிதண்ணீர். ஸ்பீக்கர் வேண்டாம், ட்ரோன் வேண்டாம். வல்லூறு குஞ்சு வைத்திருக்கும் பாறைக்குக் கீழே கூட்டமாக நின்றால் தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பாது.

இதற்கெல்லாம் என்ன வாங்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். இரவல் பைனாகுலர் ஒன்று, சட்டைப்பையில் அடங்குகிற நோட்டு, பேனா, தொப்பி, தண்ணீர்ப் பாட்டில். நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் கண்மாயின் பெயர், புல எண், கிராம நிர்வாக அலுவலரின் அலுவலக எண், 1100, 101. இரண்டாம் பக்கத்திலிருந்து தேதி போட்டு, தண்ணீர் எந்தக் கல் வரைக்கும் நிற்கிறது, என்ன பறவை எத்தனை என்று எழுதுங்கள். வண்டியூர்க் கரைக்கு ஞாயிறு காலை ஆறு மணிக்குள் வந்துவிட்டால் நல்லது. ஏழரைக்கு மேல் வெயில் எதிரே அடிக்கும், பறவைகள் கோரைக்குள் போய்விடும்.